முப்பது பதக்கங்களும் ஓர் எறும்பும்

புத்தகங்கள் வருவதற்கு முன்னால் அலமாரி வந்தது. அலமாரி வருவதற்கு முன்னால், அதை எந்தத் துணியால் துடைக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை வந்தது. அனுப்பியது விருது நூல் வகுப்பறைப் பயன்பாட்டுக் குழு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு நல்ல படப் புத்தகங்கள் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட குழு அது. அப்படிப் போய்ச் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள அதில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஒன்பது வருஷமாகப் பழைய காலண்டர் படம், சோப்பு உறை, துணிக்கடை விளம்பரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பற்பசை விளம்பரத்தில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்த ஒரு பெண்மணி, அவர் வகுப்பில் ஒன்பது வருஷமாக அரக்கி வேஷம் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவருக்கு, விருது பெற்ற முப்பது படப் புத்தகங்கள் பெட்டியோடு வந்து இறங்கியதும் தலைகால் புரியவில்லை. மேலே இருந்த ஒன்றை எடுத்து, நடுவில் விரித்து, மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தார்.

பக்கத்தில் நின்ற பெரிய சார் பதறிப்போனார். பெரிய சார் என்றால் தலைமையாசிரியர்.

"டீச்சர், மூக்கை எடுங்க. முகரலாம்னு சுற்றறிக்கையில போடல."

"முகரக் கூடாதுன்னும் போடலையே சார்."

"போடாததைச் செஞ்சாத்தான் முதல்ல விளக்கம் கேப்பாங்க. முப்பது வருஷ சர்வீஸ்ல போடாத எதையும் நான் செஞ்சதில்ல."

அது சத்தியமான வார்த்தை. போட்டதையும் அவர் அவ்வளவாகச் செய்ததில்லை. அலமாரிச் சாவியை அன்றே தன் அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குனிந்து குழாயில் தண்ணீர் குடித்தால்கூடச் சாவியை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் குடித்தார்.

புத்தகங்கள் அழகாக இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் தங்க நிறத்தில் வட்டமான ஒரு பதக்கம் ஒட்டியிருந்தது. அது போதாதென்று உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும், வலது கீழ் மூலையில், மருந்து பாட்டில் மூடி அளவுக்கு இன்னொரு பதக்கம். ஏன் என்று டீச்சர் கேட்டார். பெரிய சார் சுற்றறிக்கையின் ஏழாம் பக்கத்தை எடுத்துப் படித்தார். ஒரு பக்கம் தனியே கிழிந்து காற்றில் பறந்து போனாலும், அது விருது பெற்ற பக்கம் என்பது கண்டெடுப்பவருக்குத் தெரிய வேண்டுமாம்.

டீச்சர் தலையாட்டிவிட்டார். அதுதான் அவர் செய்த முதல் தப்பு.

வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிஷம், ஒரு புத்தகம். அதற்கு 'வாசிப்பு' என்று பெயர் சொல்லக் கூடாது, 'பயன்பாடு' என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கை கழுவிக் காய வைக்கப் பன்னிரண்டு நிமிஷம். அலமாரி திறக்கும் படிவத்தை நிரப்ப ஆறு நிமிஷம். நடுவர் குழுவின் பாராட்டுரையை எல்லோரும் எழுந்து நின்று கேட்கப் பதினொரு நிமிஷம். புத்தகத்தை மறுபடி துடைத்து, உறையிட்டு, பூட்டி, பூட்டியதாகக் கையெழுத்துப் போட எட்டு நிமிஷம். மிச்சம் இருந்த மூன்று நிமிஷத்தில் படம் பார்த்துக்கொள்ளலாம். அதையும் ஆறடி தள்ளிக் கிழித்த சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏழு வயதுப் பிள்ளையின் மூச்சு காகிதத்துக்கு ஆகாது என்று ஒரு நிபுணர் சொல்லியிருந்தார். பக்கத்தைக் கையால் புரட்டக் கூடாது. அதற்கென்று வழவழப்பாக இழைத்த ஒரு மரக்கோல் கொடுத்திருந்தார்கள். டீச்சர் அந்தக் கோலோடு நின்றால் வகுப்பு நடத்துகிறவர் மாதிரி இருக்காது, ஆப்பரேஷன் தியேட்டரில் நிற்கும் டாக்டர் மாதிரி இருக்கும்.

இத்தனையும் டீச்சர் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அது மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தது.

பள்ளியில் சேர்ந்த நாளாக ஒரு வார்த்தை பேசாத பெண் அவள். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் கை தூக்குவாள், அவ்வளவுதான். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், விளையாட்டுக் காட்டிப் பார்த்தார், கோபித்துக்கொள்வது போல நடித்தும் பார்த்தார். உதடு பிரியவில்லை. ஆனால் படம் என்றால் அவள் கண் படத்தைவிட்டு நகராது. அரக்கி வேஷம் கட்டிய பற்பசைக்காரியின் காதில் ஒரு பக்கத்துக் கம்மல் இல்லை என்பதை ஒன்பது வருஷத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்து, விரலால் தொட்டுக் காட்டியது அவள்தான்.

அவளுடைய அம்மா ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து, சட்டையில் ஒட்டிய நூல் பிசிறுகளைத் தட்டிவிடக்கூட நேரமில்லாமல், பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், வீட்டுல இவளுக்கு வாயாடின்னுதான் பேரு. காலையில எழுந்ததுலேர்ந்து தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பா. இங்க வந்தா மட்டும் ஏன் இப்படின்னு தெரியல. பின்னாடி ரூமுக்கு அனுப்பிடுவாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்களே, நிஜமா?"

நிஜம்தான். பயன்பாட்டுக் குழு வருஷா வருஷம் 'படநூல் உணர்வுத் திறன் தேர்வு' என்று ஒன்றை வைத்தது. அதில் தேறாத பிள்ளைகள் தனிக்கவனப் பிரிவுக்குப் போக வேண்டும். பள்ளியின் பின்கட்டில், உடைந்த பெஞ்சுகளும் கால் இல்லாத நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த அறைக்கு அப்படிப் பெயர். கவனம் பெயரில் மட்டும்தான் இருந்தது. நாலு வருஷமாக அங்கே ஆசிரியர் கிடையாது. வாட்ச்மேன் காலையில் திறந்துவிடுவார், சாயங்காலம் தலைகளை எண்ணிப் பூட்டுவார். படம் புரியாத பிள்ளைகள் என்பதால் அவர்களுக்குப் படப் புத்தகம் காட்டக் கூடாது என்றும் விதி இருந்தது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு வருஷம் அங்க இருந்துச்சு டீச்சர். இப்ப யாராவது பேரைக் கேட்டாலே தரையைப் பாக்குது. என் பொண்ணைத் தனியா அங்க விட்டுடாதீங்க."

"விட மாட்டேம்மா. நான் இருக்கேன்ல."

டீச்சர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது அது சின்ன வாக்காகத்தான் தெரிந்தது.

தேர்வுக்கான புத்தகத்தின் பெயர் 'யானை வீட்டு நாற்காலி'. யானை தன் நண்பனை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. வாசலில் சின்னஞ்சிறு நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி: 'இன்னும் வரவில்லை.' பூக்கள் வாடுகின்றன, நிலா வருகிறது, யானை கொட்டாவி விடுகிறது, இன்னும் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் 'வந்தாச்சு' என்று இருக்கும். யானை சிரிக்கும். நாற்காலி காலியாக இருக்கும்.

இருபத்துநாலு பக்கப் புத்தகத்துக்கு அறுபத்தெட்டுப் பக்கத்தில் ஆசிரியர் கையேடு வந்தது. 'வருவதாகச் சொன்னவரை ஒரு பக்கத்தில்கூடக் காட்டாத துணிச்சலே இந்நூலின் மகத்துவம்' என்று நடுவர்கள் உருகியிருந்தார்கள். முடிவில்லாத காத்திருப்பு, இருப்பின் வெறுமை, இன்னும் என்னென்னவோ. தேர்வில் பத்துக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் அறுபது மதிப்பெண்: 'இறுதியில் வந்தது யார்?' கையேட்டில் விடை தடித்த எழுத்தில் இருந்தது. தனிமை.

ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர் தேர்வெழுதினார்கள். மற்ற ஒன்பது கேள்விகளில் தேறும் அளவுக்கு எழுதிவிட்டு, கடைசிக் கேள்விக்குச் சிலர் சித்தப்பா வந்தார் என்று எழுதினார்கள். ஒருவன், யானைக்குத் தூக்கம் வந்தது என்று எழுதினான். அதுவாவது பரவாயில்லை, கையேட்டின் விடையைவிட அதில் கொஞ்சம் அறிவு இருந்தது. வாயாடி எதுவும் எழுதவில்லை. விடைத்தாளில் படம் வரைந்திருந்தாள். நாற்காலியில் ஓர் எறும்பு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஆறு காலில் எதன்மேல் எதைப் போடுவது என்று ரொம்ப யோசித்து வரைந்திருப்பாள் போல, அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது.

டீச்சர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். பிறகு வைத்துவிட்டார். எங்கிருந்து வந்தது எறும்பு? வாயாடி இல்லாததை வரைகிறவள் இல்லை, இல்லாத கம்மலை இல்லை என்று காட்டியவள்.

அடுத்த பயன்பாட்டு வேளையில் மூன்று நிமிஷத்தையும் டீச்சர் தனக்கே எடுத்துக்கொண்டார். ஆறாம் பக்கத்தில் பதக்கம் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை போல இரண்டு கோடுகள் நீட்டிக்கொண்டிருந்தன. மீசை. டீச்சர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பதக்கத்துக்கு அடியில், ஒரு சர்க்கரைத் துணுக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு, எறும்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. எட்டாம் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால். ஒவ்வொரு பக்கத்திலும் அது வந்துகொண்டேதான் இருந்தது. யானை நீட்டி முழக்கிக் காத்திருந்த நேரமெல்லாம், அந்தச் சின்னக் கால்களால் முடிந்த வேகத்தில் அது வழிநெடுக நடந்திருக்கிறது. ஆறடி தள்ளி உட்கார்ந்து, மூன்று நிமிஷத்தில், இரண்டு மீசை மயிரை வைத்து, வாயாடி முழுக் கதையையும் பிடித்துவிட்டாள்.

அன்றே குழுவுக்குக் கடிதம் எழுதினார். 'புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் எறும்பு இருக்கிறது. தயவுசெய்து கவனிக்கவும்.'

குழு உடனே கவனித்தது. மூன்றாம் நாள், முகமூடி கட்டிய இருவர் முதுகில் டப்பாவோடு வந்து அலமாரிக்கு மருந்து அடித்தார்கள். வகுப்பறை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது, பிள்ளைகள் வராந்தாவில் இருமிக்கொண்டே கணக்குப் போட்டார்கள். 'எறும்புத் தொல்லை முற்றிலும் ஒழிக்கப்பட்டது' என்று சான்றிதழ் வந்தது. கூடவே தேர்வு முடிவும் வந்தது. வாயாடிக்கு டீச்சர் போட்ட அறுபது மதிப்பெண்ணைச் சிவப்பு மையால் அடித்து, 'விடைக்குறிப்பில் எறும்பு இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

"சார், இது அநியாயம். படத்துல இருக்கறதைத்தான் அவ வரைஞ்சா."

"படத்துல இருக்கா இல்லையான்றது நமக்கு எதுக்கு டீச்சர்? விடைக்குறிப்புல இருக்கணும்." பெரிய சார் சாவியைத் தடவிக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். அடுத்த வாரம் குழுத் தலைவரே நேர்ல வராரு, மாதிரிப் பயன்பாட்டு வகுப்பு பாக்க. அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைஞ்சவரும் வராராம். தலைவர் முன்னாடி அந்தப் பொண்ணு வாயால ஒரே வார்த்தை, 'தனிமை'ன்னு சொல்லிட்டா, அவளை நம்ம வகுப்புலயே வெச்சுக்கலாம்னு நான் பேசி வாங்கிட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நல்ல மனசுக்கு அதற்கு மேல் இடம் இல்லை.

டீச்சர் வாயாடியின் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அம்மா சளைக்காமல் வீட்டில் பழக்கினாள். "நூறு தடவை சொல்லிட்டா டீச்சர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்றா. ஆனா, அப்படின்னா என்னம்மான்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல." டீச்சருக்கும் சொல்லத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி பார்த்த பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வகுப்பில் அவளை அருகில் அழைத்து, "சொல்லிடுடா கண்ணு, ஒரே வார்த்தைதான்" என்றார். வாயாடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாளும் வந்தது. குழுத் தலைவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினார். முதலில் அலமாரிக் கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "பிரமாதம்" என்றார். ஓவியர் பின்னால் வந்தார், ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் நீலச் சாயம். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. தன் புத்தகத்தைப் பார்த்ததும் ஆசையாகக் கையை நீட்டினார். பெரிய சார் பாய்ந்து தடுத்து, அவரைக் குழாயடிக்கு அனுப்பி, காய வைத்து, படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஆறடி தள்ளி உட்கார வைத்தார்.

தலைவர் பேசத் தொடங்கினார்.

"குழந்தைகளே, இந்த விருது சும்மா வந்ததில்ல. போட்டிக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்துலயும், ஒவ்வொரு பக்கத்துலயும், வலது கீழ் மூலையில, 'வரப்பெற்றது'ன்னு பெரிய முத்திரையா நாங்க குத்தினதுக்கு அப்புறம்தான் நடுவர்கள் கையில குடுத்தோம். முத்திரை இல்லாத பக்கத்தை எங்க நடுவர்கள் கண்ணால பாத்தது கிடையாது. அவ்வளவு கண்டிப்பு. இப்பப் பதக்கம் ஒட்டறதும் அதே இடத்துலதான். ஏன்னா அந்த மூலை ஏற்கெனவே முத்திரைக்குப் பழகின மூலை."

ஓவியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விருது விழாவில் அவருக்குப் பேச நேரம் ஒதுக்கவில்லை. பாராட்டுரையைக் கேட்டபோது வேறு யாருடைய புத்தகத்தையோ சொல்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். பிறகு, பெரியவர்கள், ஆழமாக ஏதோ சொல்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டார்.

தலைவர் மரக்கோலால் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, வாயாடியை எழுப்பினார்.

"சொல்லும்மா. இறுதியில வந்தது யாரு?"

பெரிய சார் சத்தம் வராமல் 'த-னி-மை' என்று வாயசைத்துக்கொண்டிருந்தார். வாயாடி டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி ஒன்றுதான் இருந்தது, சொல்லட்டுமா என்று. ஒரே வார்த்தை. சொன்னால் தப்பிப்பாள்.

"உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு கண்ணு," என்றார் டீச்சர்.

வாயாடி நடந்தாள். ஆறடிக் கோட்டைத் தாண்டினாள். கழுவாத கையோடு மேஜைக்கு வந்து, பதக்கத்தின் ஓரத்தில் நகத்தை விட்டு, நிதானமாக உரித்தாள். அடியில் எறும்பு நாற்காலியின் காலைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது, தலையில் சர்க்கரைத் துணுக்கு பத்திரமாக இருந்தது.

"இவங்கதான் வந்தாங்க," என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதோடு நிறுத்தவில்லை. "முதல் பக்கத்துலேர்ந்தே வந்துக்கிட்டுதான் இருக்காங்க. சின்னக் காலு, அதான் லேட்டு. யானைக்குக் கீழ பாக்கத் தெரியல. வெறுங்கையோட வரக் கூடாதுன்னு சர்க்கரை எடுத்துக்கிட்டு வராங்க, அது கனம், நடுவுல ஒரு தடவை கீழ வெச்சிருப்பாங்க, பன்னண்டாம் பக்கத்துல மீசை நுனி தாழ்வா தெரியுது, இருங்க காட்டறேன்." அடுத்த பதக்கத்தில் நகம் ஏறியது. அவள் அம்மா சொன்னது அத்தனையும் உண்மைதான், தொணதொணவென்று பேசினாள். பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் கோட்டைத் தாண்டி ஓடிவந்து மேஜையை மொய்த்தார்கள்.

"ஆமா, வெச்சிருக்கும்," என்றார் ஓவியர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "பன்னண்டாம் பக்கத்துல இறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்கும். சார், இந்த எறும்பை வரையத்தான் எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நீங்க எல்லாத்துலயும் ஒட்டி மூடியிருக்கீங்க."

தலைவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "நீங்க கையேடு படிச்சீங்களா?"

"வரைஞ்சதே நான்தானே சார்."

"வரைஞ்சதோட உங்க வேலை முடிஞ்சுது. அதுல என்ன இருக்குன்னு பாக்கறது எங்க வேலை." பிறகு பொதுவாக எல்லோரையும் பார்த்து, கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தாமல் விளக்கினார். "எறும்பு இருக்குன்னே வெச்சுக்குவோம். அப்ப யானை காத்திருந்தது வீண் இல்ல. வீண் இல்லன்னா வெறுமை இல்ல. வெறுமை இல்லன்னா விருது இல்ல. விருது இல்லன்னா இது வெறும் குழந்தைங்க புத்தகம். வெறும் குழந்தைங்க புத்தகத்தைக் குழந்தைங்க கையில குடுக்கறதுக்கு எதுக்கு ஒரு குழு, எதுக்கு ஒரு தலைவர்? ஆகவே எறும்பு இல்ல."

பெரிய சார் கை தட்டினார். வேறு யாரும் தட்டாததால் அதை அப்படியே கொசு அடிப்பதாக மாற்றிக்கொண்டார்.

மறுநாளே மூன்று உத்தரவுகள் வந்தன. இல்லாத எறும்பைக் கண்ட மாணவி தனிக்கவனப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார். பதக்கம் உரிக்கப்பட்ட நூல் இனி விருது நூலாகக் கருதப்படாது, நூலாகவும் கருதப்படாது, சேதப் பொருள்கள் வைக்கும் அறைக்கு அனுப்பப்படுகிறது. இதற்கெல்லாம் காரணமான ஆசிரியை, தண்டனையாக, நாலு வருஷமாகக் காலியாக இருக்கும் பணியிடத்தில் அமர்த்தப்படுகிறார். மூன்றும் மூன்று மேஜைகளிலிருந்து வந்த உத்தரவுகள். மூன்று முகவரியும் ஒரே அறை என்று குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த அறையை யாரும் வந்து பார்த்ததில்லை.

ஆக, அடுத்த நாள் காலை வாட்ச்மேன் பூட்டைத் திறந்தபோது, வாயாடியும் புத்தகமும் டீச்சரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். ஏற்கெனவே அங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏழு பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாயாடி புத்தகத்தை ஒரு கால் இல்லாத நாற்காலியில் விரித்து வைத்து, "இங்க பாருங்க, இவங்கதான் எறும்பு," என்று ஆரம்பித்தாள். கை கழுவவில்லை, பாராட்டுரை இல்லை, மூச்சு எல்லார் மேலும் பட்டது. சேதப் பொருளுக்கு விதி எதுவும் கிடையாது. அந்த ஒரு புத்தகத்தை அவர்கள் அன்று பதினேழு தடவை படித்தார்கள். சாயங்காலம் வாசலில் காத்திருந்த அம்மாவிடம் டீச்சர் சொன்னார், "ரூமுக்கு அனுப்பிட்டாங்கம்மா. என்னால தடுக்க முடியல. ஆனா தனியா விடல." அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் சொல்ல அவளுக்கு இடம் இல்லை, வாயாடி விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

செய்தி இரண்டாம் வகுப்புக்கு எப்படிப் போனதோ தெரியாது. அடுத்த வாரப் பயன்பாட்டு வேளையில், புது டீச்சர் மரக்கோலைத் தேடிக் குனிந்த நேரத்தில், ஒரு சிறுமி கோட்டைத் தாண்டிப் போய் ஒரு பதக்கத்தை உரித்தாள். அவளும் அந்தப் புத்தகமும் பின்கட்டுக்கு வந்தார்கள். அந்த வாரத்தோடு நிற்கவில்லை, அடுத்தடுத்த வாரங்களிலும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு புத்தகத்தில் பதக்கத்துக்கு அடியில் தவளை இருந்தது. இன்னொன்றில் திருடனின் செருப்புக் கால் இருந்தது. மற்றொன்றில் வெறும் புல்தான் இருந்தது, அந்தப் புல்லையும் அவர்கள் வெகுநேரம் பார்த்தார்கள். வருஷக் கடைசியில் முப்பது புத்தகங்களும் பின்கட்டில், முனை மடங்கி, முதுகு பிய்ந்து, விரல் அழுக்கோடு கிடந்தன. பிள்ளைகளும் அநேகமாக அங்கேதான் கிடந்தார்கள். டீச்சருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டிருந்தது. அவரைப் போல அந்த வருஷம் நன்றாகத் தூங்கியவர் அந்தப் பள்ளியில் யாரும் இல்லை.

ஆண்டு ஆய்வுக்குத் தலைவர் வந்தார். அலமாரிக் கண்ணாடியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரேகை இல்லை. உள்ளே பார்த்தார். சேதமான புத்தகம் ஒன்றுகூட இல்லை. சேதமானவை புத்தகமே இல்லை என்று விதியே இருந்ததால், கணக்குப்படி அந்தப் பள்ளியில் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு. பெரிய சார் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றார்.

"முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான பயன்பாட்டை நான் பாத்ததில்ல," என்றார் தலைவர். பெட்டியைத் திறந்து, தட்டு அளவுக்கு இருந்த ஒரு தங்கப் பதக்கத்தை எடுத்து, காலி அலமாரியின் கண்ணாடியில், வலது கீழ் மூலையில், தன் கையாலேயே ஒட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டும்படி ஆயிற்று. பின்கட்டுப் பிள்ளைகளையும் கூட்டத்துக்குக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார்கள்.

வாயாடி டீச்சரின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் கண் பதக்கத்தின்மேல் இருந்தது, கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல கண்ணு," என்றார் டீச்சர். "அதுக்குக் கீழ மட்டும் நிஜமாவே ஒண்ணும் இல்ல."